பார்த்துப் பழகி வந்த பிரியம் ஏன் எரிச்சலாக மாறுகிறது?

கேள்வி: “வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எதிர்வீட்டுக்காரரையே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். மூன்று வருஷத்தில் அவர் வாயைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. தினமும் பார்த்ததால் வந்த பிரியம் நிஜமில்லையா?”

நிஜம்தான். ஆனால் பார்த்துப் பார்த்து வருகிற பிடித்தம் வேறு, பேச்சுக்குப் பேச்சு பதில் கிடைத்து வருகிற நெருக்கம் வேறு. முதலாவது தானாக வரும். இரண்டாவதை இருவரும் அன்றாடம் செய்தாக வேண்டும். உங்கள் வீட்டில் நின்றுபோனது அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பை உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் அவரோடு இன்னும் இருவரும் ஆராய்ந்து 1950-இல் எழுதினார்கள். ஒரே மாடியில், அடுத்த கதவுக்காரரை நெருங்கிய சிநேகிதராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஒரு கதவு விட்டு அடுத்த வீடு என்றால் 22. வராந்தாவின் இரண்டு கோடி என்றால் 10. மாடிப்படியை ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் சிநேகம் இருந்தது. நம் பக்கத்தில் அந்த வேலையைப் படிக்கட்டு, அடிபம்பு, தண்ணி லாரி வரிசை, துணி காயப்போடும் மொட்டை மாடி எல்லாம் செய்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணில் படுகிறோம் என்பதில்தான் விஷயம். பழகிய முகத்தை மனசு ஆபத்தில்லாத முகம் என்று எடுத்துக்கொள்கிறது. இதை 1968-இல் உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் விரிவாக எழுதினார்.

இதைப் படித்துவிட்டு ஒரு பெண்ணின் பின்னாலேயே போனால் அவளுக்குப் பிடித்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். முதல் பார்வையிலேயே பயமோ வெறுப்போ வந்த முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அந்த வெறுப்புதான் வளரும்.

அருகில் இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கலிபோர்னியக் குடியிருப்பு ஒன்றில் எப்பெசன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் கேட்டு 1976-இல் எழுதியபடி, பிடிக்காதவர் என்று ஆட்கள் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான். சத்தம், குப்பை, வண்டி நிறுத்துமிடம் என்று நம் இடத்தை அன்றாடம் கெடுக்கக்கூடியவர் அருகில் இருப்பவர்தானே. ஒரே அறையில் இருவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஈரத்துண்டு, டிவி சத்தம், நிறையாத குடம், எல்லாமே கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கை ஈடுகட்டுவது சின்னச் சின்னப் பதில்கள். “இன்னிக்கும் லாரி வரலங்க” என்பது தண்ணீர் பற்றிய தகவல் மட்டுமில்லை, ‘என்னைக் கொஞ்சம் கவனி’ என்ற கூப்பிடுதலும் அதில் இருக்கிறது. போனைப் பார்த்தபடி “ம்” என்றால் அது கேட்கப்படாமலே போகிறது. “அடடா, காலைலயாச்சும் வந்துச்சா?” என்றால் போதும், மூன்று நொடி வேலை. தம்பதிகளின் உறவை ஆராயும் உளவியலாளர் ஜான் காட்மன் புதுத்தம்பதிகள் பேசிப் பழகுவதைப் பதிவு செய்து, ஆறு வருஷம் கழித்துப் பார்த்தார். சேர்ந்தே இருந்தவர்கள் ஆரம்பத்தில் இத்தகைய கூப்பிடுதல்களில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33.

பலர் கோட்டை விடுவது நல்ல சேதி வரும்போது. “மணலி கம்பெனியில பர்மனென்ட் பண்ணிட்டாங்க” என்று வந்து நிற்பவருக்கு நாலு விதமாகப் பதில் வரலாம். “ஓ, சரி.” “அப்ப நைட் ஷிப்ட் ஜாஸ்தியாகுமே.” “சரி, கேஸ் தீந்துபோச்சு.” நாலாவது: “எப்ப சொன்னாங்க? யாரு கூப்ட்டு சொன்னது?” உளவியலாளர் ஷெல்லி கேபிள் 2004-இல் காட்டியபடி, இந்த நாலாவதுதான் உறவின் திருப்தியோடு சேர்ந்து வருகிறது. இரண்டாவது அக்கறையில் வருவதுதான், ஆனாலும் சேதி சொன்னவரின் சந்தோஷத்தை அணைத்துவிடும். அந்தக் கவலையை மறுநாள் சொல்லலாம்.

சண்டை முற்றினால் மணிக்கட்டில் நாடியை 15 நொடி எண்ணுங்கள். 25-ஐத் தாண்டினால் நிமிஷத்துக்கு நூறுக்கு மேல். அந்த நிலையில் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிஷம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஒதுங்க இடமில்லை என்பது நிஜமான கஷ்டம். மொட்டை மாடியோ தெருமுனையோ போகலாம். ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்: “இப்ப என்னால ஒழுங்கா பேச முடியாது, அரைமணில வந்துர்றேன்.” சொல்லாமல் போனால் கைவிட்டதாகப்படும், சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த தடவை நம்ப மாட்டார்கள். மாடியில் நின்று ‘அவர் இப்படிச் சொன்னாரே’ என்று ஓட்டிப் பார்த்தாலும் நாடி இறங்காது. பாட்டு கேளுங்கள், காய்ந்த துணியை மடியுங்கள்.

இந்த வாரம் ஒன்றை மட்டும் பிடியுங்கள்: ஷிப்ட் முடிந்து அவர் வந்ததும் முதல் பத்து நிமிஷம் இருவர் கையிலும் போன் வேண்டாம், பணப்பேச்சும் வேண்டாம். பழகும்வரை செயற்கையாகத்தான் இருக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். எரிச்சல் என்று நீங்கள் எழுதியது உண்மையில் அடியோ மிரட்டலோ பயமோ என்றால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அப்போது 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.