பட்டியலில் பெயர் இல்லையே!

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பட்டியலில் இல்லை. முதல் உலகப்போருக்கு அவர் போகவில்லை என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது இறந்தவர்களின் பட்டியல். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் மட்டுமே. உயிரோடு திரும்பியவரை அங்கே தேடிப் பயனில்லை.

வீட்டில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் (முதல் போரில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்டது) இருந்தால், விளிம்பில் டார்ச்சைச் சாய்த்து அடித்து லென்ஸால் பாருங்கள். படை எண், பெயர், பிரிவு பொறித்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். பெயரைவிட எண்ணை நம்புங்கள்; பெயரின் எழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறும். படைப்பிரிவு மாறியவருக்கு எண்ணும் மாறியிருக்கலாம்.

அவருடைய படைப்பணிக் கோப்பே அழிந்தும் போயிருக்கலாம். 1940 குண்டுவீச்சில் லண்டனிலிருந்த பிரிட்டிஷ் தரைப்படை வீரர்களின் முதல் போர்ப் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி எரிந்தது. அமெரிக்கத் தரைப்படைக் கோப்புகளில் பலவும் 1973இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீவிபத்தில் அழிந்தன. எனவே, ‘போகவில்லை’ என்பதற்குப் பதில், ‘இன்னின்ன பதிவுகளில் கிடைக்கவில்லை’ என்று தேடிய தேதியோடு எழுதுங்கள்.