ஏற்காடு ஏரியில் சினூக் சால்மன் வளருமா?

ஏற்காடுதான் குளிர்ச்சியாக இருக்கிறதே, பசிபிக் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும் சினூக் சால்மன் மீனின் குஞ்சுகளை அங்கே ஏரியில் விட்டால் வளராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வளராது. ஏற்காட்டுக் குளிர் நமக்குத்தான் குளிர். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அந்த மீன் திணறும். முட்டை பொரிய அதைவிடக் குளிர்ந்த, கூழாங்கற்களுக்கிடையே ஓடும் நீர் வேண்டும்.

கடல் இல்லாததுதான் தடை என்று நினைக்காதீர்கள். 1960களில் அமெரிக்காவின் நன்னீர் ஏரியான மிச்சிகனில் விட்ட சினூக்குகள் கடலையே பார்க்காமல் வளர்ந்தன.

பசிபிக் சால்மன்களில் இதுதான் பெரியது. 1985-இல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்று சுமார் 44 கிலோ! எனக்கு அதைவிட வியப்பு அதன் கடைசிப் பயணம்தான். கடலில் சில ஆண்டுகள் கொழுத்துவிட்டு, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துத் திரும்புகிறது. ஆற்றுக்குள் வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். யூகான் ஆற்றில் சில கூட்டங்கள் உடம்பிலுள்ள கொழுப்பை மட்டுமே நம்பி சுமார் 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடுகின்றன. முட்டையிட்டபின் இறந்துவிடுகின்றன.

அப்புறம், நம்ம சேலத்து மீன் கடைகளில் இந்தியன் சால்மன் என்று கேட்டால் கிடைப்பது காலா மீன். அது வேறு குடும்பம். சினூக்கின் நெருங்கிய சொந்தத்தைப் பார்க்க ஆசையென்றால் நீலகிரிக்குப் போங்கள்; அவலாஞ்சியில் ரெயின்போ டிரவுட் மீன் பண்ணை இருக்கிறது.