மலேரியா அட்டைச் சோதனை எதைத் தேடுகிறது?

கேள்வி இதுதான்: அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறது என்று அர்த்தமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் அட்டை கிருமியைப் பார்ப்பதில்லை. விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் கிருமி விட்டுவைத்த புரதத்தைத் தேடுகிறது. வாசலில் செருப்பு கிடந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று முடிவு செய்வோமே, அந்தக் கதைதான்.

ஆகவே சோதனையை உருவாக்குபவர்களின் பெரிய தலைவலி, எந்தச் செருப்பைத் தேடுவது என்பது. பால்சிபாரம் வகை மலேரியாவுக்கு ஹெச்ஆர்பி2 என்ற புரதத்தைப் பிடித்தார்கள். ரத்தத்தில் நிறையச் சேரும், அந்த வகைக்கே உரியது. நல்ல தேர்வுதான். ஆனால் அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத கிருமிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010-இல் வெளிவந்தது, பிறகு எரித்ரியாவிலும். வெறுங்காலோடு வந்த ஆள்! காய்ச்சல் கொதிக்கும், அட்டையோ ‘இல்லை’ என்று சொல்லும். இப்படித் தவறும் அளவு 5 சதவீதத்தைத் தாண்டினால், அந்தப் பகுதியில் வேறு சோதனைக்கு மாறச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாற்று, எல்டிஹெச் என்ற நொதி. உயிருள்ள கிருமிதான் அதைச் சுரக்கும். ஆனால் கிருமி குறைவாக இருந்தால் கோடு மங்கிவிடும்.

அப்புறம், மாத்திரை முடித்த பிறகும் ஹெச்ஆர்பி2 அட்டையில் கோடு விழுந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள்; கிருமி செத்த பின்னும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கும், குணமானதா என்பதை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.