‘உடனே எல்லாருக்கும் அனுப்புங்க!’ – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: ‘இன்விடேஷன்’னு தலைப்பு போட்ட மெயில் வந்தா திறக்கவே கூடாதாம், திறந்தா ஒலிம்பிக் ஜோதி வந்து மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் எரிச்சிடுமாம். மைக்ரோசாஃப்டே இதுதான் உலகத்துலயே மோசமான வைரஸ்னு சொல்லிடுச்சுனு ஆபீஸ்ல ஒருத்தர் அனுப்பியிருக்கார். நானும் நாலு பேருக்கு அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீங்க. இது 2006லயே சுத்துன பழைய சரக்கு, அப்பவே பொய்னு தெரிஞ்சுபோச்சு. அந்த மெயில நல்லா படிச்சு பாருங்க, ‘மெக்காஃபி (ஆன்டிவைரஸ் கம்பெனி) நேத்துதான் கண்டுபிடிச்சுது’னு இருக்கும். எந்த நேத்து? தேதியே இருக்காது, அதனாலதான் எந்த வருஷம் அனுப்பினாலும் புதுசு மாதிரியே தெரியுது. அப்புறம் ‘ஜீரோ செக்டார அழிச்சிடும்’னு பயமுறுத்துவாங்க. டிஸ்க்கோட முதல் செக்டார், அதாவது ஆரம்பத்துல இருக்குற சின்ன பகுதி, கெட்டுப்போனா மெஷின் பூட் ஆகாதுதான், ஆனா உங்க போட்டோவும் ஃபைலும் அதுக்குள்ளயா இருக்கு? அதெல்லாம் டிஸ்க்ல அப்படியே தான் இருக்கும். நிஜ எச்சரிக்கைனா எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், எந்த அப்டேட் போட்டா சரியாகும்னு வறட்டுத்தனமா எழுதியிருப்பாங்க, படிக்கவே போரடிக்கும். ஆச்சரியக்குறி நாலு, பெரிய கம்பெனி பேரு மூணு, லிங்க் ஒண்ணுகூட இல்ல, கடைசியில ‘தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க’னு இருந்தா அது புரளிதான். எந்த ஆன்டிவைரஸ் கம்பெனியும் வாடிக்கையாளர்கிட்ட ஃபார்வேர்டு பண்ணுங்கனு கெஞ்சாது.

கேள்வி: மெயில சும்மா திறந்து படிச்சாலே வைரஸ் வருமா வராதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. 1994ல ‘குட் டைம்ஸ்’னு ஒரு புரளி வந்துச்சு, இந்த வகைக்கெல்லாம் தாத்தா அது. அந்த தலைப்புல வர்ற மெயில படிச்சா ப்ராசஸரே நாசமாயிடும்னு, அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி பேர சொல்லி பரப்புனாங்க. அந்த ஆணையத்துக்கு வைரஸ் எச்சரிக்கை குடுக்குற வேலையே கிடையாது. அப்போ மெயில்னா வெறும் எழுத்து, அத படிக்கிறதால எந்த ப்ரோக்ராமும் ஓடாது. ஆனா 1999ல ‘பபிள்பாய்’னு நிஜமாவே ஒரு வைரஸ் வந்துச்சு, மைக்ரோசாஃப்டோட மெயில் சாஃப்ட்வேரான அவுட்லுக்ல இருந்த ஒரு ஓட்டை வழியா மெயில திறந்தாலே ஓடிடும், அப்புறம் அந்த ஓட்டைய அடைச்சாங்க. அதே வருஷம் மெலிசா, 2000ல ஐ லவ் யூனு வேற வைரஸ்களும் வந்துச்சு, இது ரெண்டுக்கும் அட்டாச்மென்ட்ட திறக்கணும். அதனால தலைப்ப பாத்து பயப்படுறத விட அப்டேட் போடுறதும், எதிர்பார்க்காத அட்டாச்மென்ட்ட தொடாம விடுறதும் தான் பிரயோஜனம்.

கேள்வி: ஒரு ஃபைல் பேர சொல்லி, இது வைரஸ், தேடி அழிங்கனு மெயில் வந்துச்சு. தேடினா நிஜமாவே இருக்கு சார்! அழிச்சிட்டேன். அது சரியா?

பதில்: இருக்கத்தான் செய்யும், ஏன்னா எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்குற விண்டோஸ் ஃபைல் பேரத்தான் குடுத்திருப்பாங்க. புரளிகள்லயே எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற வகை இதுதான், மத்ததெல்லாம் பயமுறுத்திட்டு போயிடும், இது உங்க கையாலயே உங்க சிஸ்டத்த கெடுக்க வைக்கும். 2002ல ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்’னு ஒரு ஃபைல் மேல பழி போட்டாங்க. அதோட ஐகான் ஒரு கரடி பொம்மை, விண்டோஸுக்குள்ள கரடி பொம்மைக்கு என்ன வேலைனு பாக்குறவங்களுக்கு சந்தேகம் வராம இருக்குமா? ஜாவா ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கான சாதாரண மைக்ரோசாஃப்ட் ஃபைல் அது. ஆன்டிவைரஸால இத கண்டுபிடிக்க முடியாது, 14 நாள் சும்மா இருந்துட்டு அப்புறம் தான் வேலைய காட்டும்னு வேற எழுதியிருந்தாங்க. வைரஸே இல்லாதத ஆன்டிவைரஸ் எப்படிங்க கண்டுபிடிக்கும்! அதுக்கு முன்னாடி வருஷம் ‘எஸ்யூஎல்எஃப்என்பிகே’ ஃபைலுக்கும் இதே கதி. அதுல ஒரு சிக்கல் என்னன்னா, மஜிஸ்டர்னு ஒரு நிஜ வைரஸ் அப்போ சுத்திட்டு இருந்துச்சு, அது தொத்துன ஃபைல்கள் அட்டாச்மென்ட்டா வரும், இந்த பேர்லயும் வரலாம். அதனால விண்டோஸ் ஃபோல்டர்ல ஏற்கனவே இருக்குறது வேற, மெயில்ல ஒட்டிட்டு வர்றது வேற. நீங்க முதல்ல ரீசைக்கிள் பின்ல பாருங்க, இருந்தா ரீஸ்டோர் குடுங்க. இல்லன்னா விண்டோஸ்லயே சிஸ்டம் ஃபைல் செக்கர்னு ஒண்ணு இருக்கு, அத ஓட்டினா பெரும்பாலும் காணாமப்போன சிஸ்டம் ஃபைல திரும்ப வெச்சிடும்.

கேள்வி: பொய்யாவே இருந்தாலும் அனுப்பினா என்ன நஷ்டம்? ஜாக்கிரதையா இருக்கட்டுமேன்னுதான்.

பதில்: ஒருத்தர் 10 பேருக்கு, அந்த 10 பேரும் ஆளுக்கு 10 பேருக்குனு போனா ஆறாவது சுத்துல 10 லட்சம் மெயில். போற வழியெல்லாம் எல்லாரோட மெயில் ஐடியும் வரிசையா ஒட்டிக்கிட்டே போகும், ஸ்பேம் அனுப்புறவன் கையில கிடைச்சா அவனுக்கு கொண்டாட்டம். மேனேஜரே அனுப்பியிருந்தா ‘ரிப்ளை ஆல்’ போட்டு மானத்த வாங்காதீங்க, அவருக்கு மட்டும் தனியா, இது புரளின்னு சொல்ற பக்கத்தோட லிங்க் வெச்சு அனுப்புங்க. மெயில்ல இருக்குற வித்தியாசமான வரி ஒண்ண மேற்கோள் குறிக்குள்ள போட்டு தேடினாலே அந்த பக்கம் கிடைச்சிடும்.

கேள்வி: ‘மார்டினெல்லி’ங்கற வீடியோ வாட்ஸ்அப்ல வரும், திறந்தா போனே காலியாயிடும்னு ஒரு மெசேஜ் வருது. இதுவும் அப்படித்தானா?

பதில்: அப்படித்தான், 2017லயே ஸ்பெயின் போலீஸ் இது பொய்னு சொல்லிட்டாங்க. ஆனா அதே மெசேஜ்ல ‘வாட்ஸ்அப் கோல்டு’ங்கற போலி ஸ்பெஷல் வெர்ஷனோட லிங்க்க தொடாதீங்கனு ஒரு வரி வரும், அது மட்டும் உண்மை, அந்த பேர்ல நிஜமாவே மோசடி நடந்திருக்கு. வாட்ஸ்அப் அப்டேட்ட ஆப் ஸ்டோர்ல இருந்து மட்டும் போடுங்க, யார் அனுப்பின லிங்க்ல இருந்தும் வேணாம்.