மண்டையோட்டின் அடியில் வரும் கட்டிகள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குக் கேட்பு நரம்பில் கட்டி, 3 செ.மீ. இருக்கிறது. முழுசாக எடுக்க மாட்டோம், கொஞ்சம் விட்டுவிடுவோம் என்கிறார்கள். அரைகுறையாக எடுக்க எதற்கு டாக்டர் ஆபரேஷன்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அவர்கள் சொன்னது பொறுப்பான பேச்சு. கேட்பு நரம்பும் முக நரம்பும் ஒரே எலும்புத் துளை வழியாக ஒட்டிக்கொண்டு போகின்றன. கட்டி பெருக்கப் பெருக்க முக நரம்பு அதன்மேல் நசுங்கி, நனைந்த காகிதம் போல மெலிந்து படிந்துவிடும். மின்தூண்டல் கொடுத்து நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடித் தேடித்தான் கட்டியைப் பிரிக்க முடியும். இது புற்றுநோய் வகை இல்லை. கடைசித் துணுக்கையும் உரிக்கப்போய் நரம்பு அறுந்தால் அந்தப் பக்கத்து முகம் கோணிவிடும், கண் மூடாது. மூளைத்தண்டை அழுத்துகிற பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை எம்ஆர்ஐயில் கவனிப்பார்கள். பல பேருக்கு அது வளராமலே கிடக்கும், வளர்ந்தால் காமா நைஃப், அதாவது கத்தி வைக்காமல் கதிரைக் கட்டியின்மேல் குவிக்கும் சிகிச்சை இருக்கிறது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இந்த ஆபரேஷனை எடைபோடாதீர்கள். அப்பா விழுங்குகிறாரா, கண் மூடுகிறதா, தடுமாறாமல் நடக்கிறாரா, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எல்லாக் கட்டியிலும் மிச்சம் வைக்கலாமா?

பதில்: கூடாது. மண்டையோட்டின் அடி எலும்பில் வரும் கார்டோமா என்று ஒரு கட்டி இருக்கிறது, மெதுவாக வளரும், ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும், திரும்பத் திரும்ப வரும். அதில் முதல் ஆபரேஷனிலேயே முடிந்தவரை எடுப்பது ரொம்ப முக்கியம், அதற்கு அப்புறம் பெரும்பாலும் புரோட்டான் கதிர்வீச்சும் தேவைப்படும். அதனால்தான் முதல் தடவையே அனுபவமுள்ள குழுவிடம் போங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா கட்டியிலும் அதிகம் எடுத்தால் திரும்ப வருவது குறைகிறது. சிம்ப்சன் என்ற அறுவை மருத்துவர் 1957-லேயே, எவ்வளவு முழுமையாக எடுத்தார்கள் என்பதை 5 தரமாகப் பிரித்து இதைக் காட்டினார். ஆனால் அதுவே கண்ணுக்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தநாள அறைக்குள் புகுந்திருந்தால் கதை வேறு. அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் இருக்கின்றன, துரத்திப் போனால் இழப்புதான் அதிகம்.

கேள்வி: எனக்கு மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் செய்யப்போகிறார்கள். வெட்டு, தையல் இல்லை என்றால் சின்ன ஆபரேஷன்தானே?

பதில்: வெளியில் தழும்பு இல்லை, அவ்வளவுதான். உள்ளே மூளையின் அடியில் எலும்பைத் திறக்கிறார்கள், அந்த ஓட்டையை அடைப்பதுதான் பெரிய வேலை. முன்பெல்லாம் மூளைநீர் கசிவு அதிகமாக இருந்தது. 2006-ல் மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் ரத்தக்குழாயோடு திருப்பி மூடும் முறை வெளிவந்த பிறகு கசிவு நன்றாகக் குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் டாக்டர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குனியும்போது தண்ணீர் மாதிரி சொட்டினாலோ தொண்டையில் உப்புக் கரித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூளைக்காய்ச்சலுக்கு அதுதான் வாசல்.

கேள்வி: பிட்யூட்டரி கட்டியால் மனைவிக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. திரும்புமா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு ஓரளவாவது திரும்புகிறது, சிலருக்குச் சில நாளிலேயே. பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், பார்வை நரம்புக்குக் கீழே இருக்கும் ஹார்மோன் சுரப்பி. அந்த நரம்பு எவ்வளவு காலம் அழுத்தத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் அடங்காத தாகமும் லிட்டர் கணக்கில் சிறுநீரும் வந்தால் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துத் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்தால் சோடியம் இறங்கியிருக்கலாம், உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: ஆபரேஷன் ஆகி மூன்று வாரம், இடது கண் மூடவில்லை. இனி இப்படியேதானா?

பதில்: முக நரம்பு அறுபடாமல் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் மூன்று வாரத்தில் முடிவு கட்டாதீர்கள். மாதக் கணக்கில் ஆகும், ஒரு வருஷம் வரைக்கும்கூட மெல்ல மெல்ல முன்னேறும். அதற்குள் கண்ணைக் காப்பாற்றுங்கள். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ, உணர்ச்சியே இல்லாமல் மரத்திருந்தாலோ கண் டாக்டரை உடனே பாருங்கள். கருவிழிப் புண் பார்வையையே எடுத்துவிடும், முகம் சரியானாலும் அது திரும்பாது.