மூன்று வயது நாட்டு நாயைத் தத்தெடுத்திருக்கிறோம், பழைய தடுப்பூசி விவரம் தெரியாது. முதலிலிருந்து போட வேண்டுமா?

போடுங்கள். கையில் அட்டை இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "எல்லாம் போட்டாச்சு" என்று கொடுத்தவர் சொல்லியிருப்பார், எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள், எந்த ஊசி, எந்த மாதம் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி போட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. போடாமல் விட்டால்தான் வம்பு.

காது நுனியில் வெட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு "இது ஊசி போட்ட நாய்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வெட்டு, கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கான அடையாளம். அன்றைக்கு ஒரு ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அது எத்தனை வருடத்துக்கு முன்பு என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்று நாயைக் கொல்லும் இரண்டு வைரஸ் நோய்கள் உண்டு, அவற்றுக்கும் அந்த வெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் மணி வந்தபோது நாலு வயது இருக்கும் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். அன்றே ஊசி போடுவார் என்று நினைத்துப் போனோம், அவரோ காய்ச்சல் பார்த்து, எடை போட்டு, பூச்சி மாத்திரை மட்டும் கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார். உடம்பு சரியில்லாத நாய்க்கு ஊசி போடக்கூடாது என்பதோடு, புது வீட்டில் அது கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும் என்பதும் அவர் கணக்கு. பூச்சி மாத்திரை எடைக்கு ஏற்றபடிதான், குத்துமதிப்பாகக் கொடுக்காதீர்கள். மலத்தில் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு, பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை.

அப்புறம் கூட்டு ஊசி, அதாவது பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. குட்டிக்குப் போல நாலைந்து தடவை அலைய வேண்டாம். குட்டிக்குத் திரும்பத் திரும்பப் போடுவதே தாயிடமிருந்து வந்த எதிர்ப்புசக்தி ஊசியை முறித்துவிடும் என்பதால்தான், வளர்ந்த நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. பார்வோ, டிஸ்டெம்பருக்கு ஒரு ஊசியே பெரும்பாலும் போதும். ஆனால் எலிக்காய்ச்சலுக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு கட்டாயம், அதுவும் ஒரே ஊசியில் சேர்ந்து வருவதால் இங்கே இரண்டாகவே போடுகிறார்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், நாய் அதை நக்கும், நோய் நமக்கும் வரும். அதனால் எலிக்காய்ச்சலுக்கானதை வருடா வருடம் தள்ளிப்போடாமல் போடுங்கள். மற்ற இரண்டையும் அடுத்த வருடம் ஒரு முறை போட்ட பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்பதுதான் உலக அளவிலான வழிகாட்டுதல்.

ரேபிஸ் தனி. ஒரு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. சில டாக்டர்கள் ஒரு மாதம் கழித்து இரண்டாவதும் போடுவார்கள், நம் ஊர் நிலைமைக்கு அது நல்லதுதான். போட்ட அன்றே பலன் வராது, சில வாரம் ஆகும். அதற்கு முன்போ பின்போ யாரையாவது கடித்தால், பிறாண்டினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் வைப்பதெல்லாம் வேண்டாம். செலவு கையைக் கடித்தால் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தையொட்டிப் பல ஊர்களில் இலவசமாகவே போடுவார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நாங்கள் கோட்டைவிட்டது உண்ணியில். வந்த ஆறாவது வாரம் மணி தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். வெயில் என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினோம். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம், ஈறு வெள்ளை வெளேரென்று. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா (உண்ணி கடித்துப் பரவும் கிருமி), பிளேட்லெட் பாதாளத்தில். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் 28 நாள் கொடுத்தோம், பிழைத்தான். இதற்குத் தடுப்பூசியே கிடையாது, உண்ணி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. ஒரு மாதம் தாங்குகிற மாத்திரையும் உண்டு, மூன்று மாதம் தாங்குவதும் உண்டு (வலிப்பு வரும் நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்). மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், தடவாதீர்கள், தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் இடுக்கு, கட்டில் கால், மிதியடி அடியில் முட்டை வைக்கும், அதனால் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காருங்கள், முகம் வீங்கினால் அங்கேயே பார்த்துவிடலாம். மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, கையெழுத்து வாங்கி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். எங்கள் அட்டையை மணி தின்றுவிட்டான்.