எங்கள் இன்டர்பிரெட்டரில் ஸ்ட்ரிங் ஒட்டும் லூப் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

கேள்வி: ஒலுவிலில் படிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து சி-யில் ஒரு சின்ன மொழி எழுதுகிறோம். அம்பாறை மாவட்ட நெல் கொள்வனவுப் பட்டியலை ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டிப் பார்த்தால், 10,000 வரியை நெருங்கும்போது ஊர்கிறது. இஞ்சினில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பழைய ஸ்ட்ரிங் முழுவதையும் புதிய இடத்துக்கு நகலெடுக்கிறீர்கள். வரிக்கு 20 குறியீடு (யூனிகோடில் எழுத்தின் ஒரு கூறு) என்று வைத்தால், 10,000 வரி முடிகிறபோது நகலெடுத்தது சுமார் 100 கோடி. கையில் மிஞ்சுவது 2 இலட்சம்தான். நினைவகத்தை நகலெடுக்கும் மெம்கொப்பியை எவ்வளவு வேகமாக்கினாலும் இது தீராது. நகலெடுப்பையே தள்ளிப்போட வேண்டும்.

கம்பைலரில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஊர் + "," + மூட்டை + "," + விலை என்பதை நாலு தனி ஒட்டலாக ஓட்டாமல், ஐந்தின் நீளத்தையும் கூட்டி ஒரே தடவை இடம் எடுத்து நிரப்புங்கள். லுவா மொழி இப்படித்தான் செய்கிறது. ஆனால் லுவாவில் ஒட்டுவதற்குத் தனிக் குறி இருக்கிறது. உங்கள் + எண்ணையும் கூட்டுமென்றால் 1 + 2 + "ஏக்கர்" என்பதற்கு "3ஏக்கர்" வரவேண்டும், "12ஏக்கர்" அல்ல. ஆகவே இடப்பக்கம் ஸ்ட்ரிங்தான் என்று உறுதியான இடத்திலிருந்து மட்டும் சேர்த்து ஒட்டுங்கள்.

லூப்புக்கு மருந்து ரோப், அதாவது துண்டுகளை நகலெடுக்காமல் மரம்போல் தொடுத்து வைக்கும் ஸ்ட்ரிங். ஒட்டும்போது எதையும் நகலெடுக்காமல் இடது, வலது, மொத்த நீளம் கொண்ட ஒரு கணுவை மட்டும் உருவாக்குங்கள். 64 பிட் கணனியில் தலைப்பு (பொருளின் வகையைச் சொல்வது) 8, நீளம் 4, ஹாஷ் (டேபிளில் தேட உதவும் எண்) 4, இரண்டு பொயின்டர் 16, ஆக 32 பைட். சின்னத் துண்டுக்கு இது நட்டம். குரோமிலும் நோடிலும் உள்ள வி8 இஞ்சின், விடையின் நீளம் 13க்குக் குறைந்தால் கணு போடாமல் நேரே நகலெடுக்கிறது. புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடு என்பதால், அக்கரைப்பற்று பார்வைக்கு 8 எழுத்து, இஞ்சினுக்குச் சரியாக 13, கல்முனை 7. நீங்களும் 13இல் தொடங்குங்கள், பிறகு அளந்து மாற்றலாம்.

உண்மையான சிக்கல் ரோப்பைப் பிளாட் ஆக்கும்போதுதான், அதாவது துண்டுகளையெல்லாம் ஒரே தொடராக நகலெடுக்கும்போதுதான். ஒட்டிய ஸ்ட்ரிங்கின் முதல் குறியீட்டை வரி[0] என்று கேட்டாலோ, டேபிளில் கீயாகப் பாவித்தாலோ, அச்சிட்டாலோ அது தேவைப்படும். ஆக்கிய பிறகு அந்தக் கணுவின் இடதில் பிளாட் ஸ்ட்ரிங்கையும் வலதில் வெற்று ஸ்ட்ரிங்கையும் கட்டாயம் வையுங்கள். இதை விட்டால் ஒவ்வொரு வரி[i]-க்கும் முழு ரோப்பும் மறுபடி நகலாகும். பழைய வியாதி வேறு வழியால் திரும்பிவரும்.

பிளாட் ஆக்குவதை ரிகர்ஷனால் (பங்ஷன் தன்னையே அழைப்பது) எழுதாதீர்கள். லூப்பில் வளர்ந்த ரோப் இடப்பக்கமாக ஒரு இலட்சம் ஆழம் போகும், அழைப்புகளை வைத்திருக்கும் ஸ்டாக் தாங்காது. வி8 குட்டைப் பக்கத்துக்கு மட்டும் ரிகர்ஷன் செய்து, நீண்ட பக்கத்தை லூப்பால் நடக்கிறது. அப்போது ரிகர்ஷனின் ஆழம் நீளத்தின் 2 அடிமான மடக்கையை (லாக்) தாண்டாது. ஜிசி (வேண்டாத நினைவகத்தை மீட்கும் பகுதி) பாவனையிலுள்ள பொருட்களைக் குறிக்கும் மார்க் கட்டத்திலும் இதே ஆபத்து உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அங்கே வேர்க்லிஸ்ட் (இன்னும் பார்க்கவேண்டியவற்றின் பட்டியல்) வையுங்கள். உங்கள் ஜிசி பொருட்களை நகர்த்துமென்றால், பிளாட்டுக்கு இடம் எடுக்கும் அந்த நொடியிலேயே இடது, வலது பொயின்டர்கள் பழசாகலாம். அவற்றை ரூட்டில் (ஜிசி தேடலைத் தொடங்கும் பட்டியல்) பதிந்துவிட்டு இடம் எடுங்கள்.

தமிழ் வரிகள் என்பதால் இன்னொன்று. வி8, சிபைதன் (பைதனின் வழமையான இஞ்சின்) இரண்டிலும் தமிழ்க் குறியீட்டுக்கு 2 பைட், லத்தீனுக்கு 1. உங்களுடையதும் அப்படியென்றால், கணுவிலேயே அகலத்தைக் குறித்துவையுங்கள்: இரண்டில் எது பெரிதோ அது. பிளாட் ஆக்கும்போது மீண்டும் தேடவேண்டியதில்லை. ஒட்டும்போது நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) மட்டும் செய்யாதீர்கள். "கெ"யுடன் கால் சேர்ந்தால் திரையில் "கொ" தெரியும், ஆனால் இரண்டை ஒன்றாக்கினால் மொத்த நீளம் இரண்டு துண்டின் கூட்டுத்தொகையாக இராது. ரோப்பின் கணக்கு முழுவதும் பிசகும்.

சோதனையை இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு இட ஒதுக்கீட்டிலும் ஜிசி ஓடும்படி வைத்து ஓராயிரம் ஒட்டல், பிறகு வரி[0]. அதை நிறுத்திவிட்டு ஒரு இலட்சம் ஒட்டல், ஒருமுறை பின்னால் சேர்த்தும் ஒருமுறை முன்னால் சேர்த்தும். முன்னால் சேர்ப்பதில்தான் பெரும்பாலும் விழும்.